இடுப்புக்குழி பெட் ஸ்கேன்: காலியாக விடப்படும் மாதவிடாய் தேதி

கதிரியக்க மருந்தைச் செலுத்தி, அது உடலில் எங்கே சேர்கிறது என்று படமெடுக்கும் பெட் ஸ்கேனுக்கு (PET) வரும் பெண்ணிடம் உயரம், எடை, சர்க்கரை அளவு எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டு, கடைசி மாதவிடாய் தொடங்கிய தேதிக்கான கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிடுவதுண்டு. இடுப்புக்குழியைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய தவறு இல்லை என்பேன்.

ஸ்கேனுக்கு முன் நரம்பு வழியாகச் செலுத்தப்படும் எஃப்டிஜி, ஃப்ளோரின்-18 என்னும் கதிரியக்க அணு சேர்க்கப்பட்ட ஒருவகை குளுக்கோஸ். மும்முரமாக இயங்கும் திசு இதை மிகுதியாக உறிஞ்சிப் படத்தில் பளிச்சென்று தெரியும். புற்றுக்கட்டி அப்படித்தான் தெரிகிறது. ஆனால் மாதவிடாய் நாட்களிலும், கருமுட்டை வெளிப்படும் நாட்களிலும் நலமான கருப்பையின் உட்படலமும் அப்படித்தான் ஒளிரும். கருமுட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் கார்பஸ் லூட்டியம் ஒரு பக்கச் சினைப்பையில் மட்டும் வட்டமாக ஒளிர்ந்து, நோய் பரவிய நிணநீர் முடிச்சோ என்று ஐயுற வைக்கும். அவசரம் இல்லையென்றால், மாதவிடாய் முடிந்த அடுத்த சில நாட்களுக்குள் ஸ்கேனை வைத்துக்கொள்வதே நல்லது. சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாத நிலையில், தேதியையாவது அறிக்கை எழுதும் மருத்துவருக்குத் தெரிவித்துவிட வேண்டும். மாதவிடாய் நிரந்தரமாக நின்றுவிட்ட பெண்ணின் சினைப்பை ஒளிர்ந்தால், அதை இயல்பானது என்று ஒதுக்கிவிடுவதும் தவறுதான்.

அடுத்த சிக்கல் சிறுநீர். சாதாரணக் குளுக்கோஸைச் சிறுநீரகம் இரத்தத்துக்கே திருப்பி அனுப்பிவிடும்; எஃப்டிஜியை அவ்வாறு முழுமையாக மீட்பதில்லை என்பதால் சிறுநீர்ப்பை படத்தில் விளக்குப்போல் எரியும். அதற்கு நேர் பின்னால்தான் கருப்பைவாய் இருக்கிறது. படுக்கையில் ஏறுவதற்குச் சற்று முன் சிறுநீர் கழிக்கச் சொல்வது இதனால்தான். கூச்சப்பட்டோ சோம்பலாலோ அதைத் தவிர்த்தால், சிறிய கட்டி அந்த ஒளியில் மறைந்துபோகலாம். உள்ளாடையில் பட்ட ஒரு துளி சிறுநீர்கூடப் படத்தில் புள்ளியாக விழும் என்பதால், அதையும் சொல்லி மாற்றிக்கொள்வது நல்லது.

4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிற்றில் இருக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை குடலை ஒளிரச் செய்து, அதை ஒட்டிய இடுப்புக்குழி உறுப்புகளைப் பார்க்கவிடாமல் செய்யும் என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. அதை எத்தனை நாள் நிறுத்துவது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சும் கீமோதெரபியும் முடிந்தவுடன் பலனைப் பார்த்துவிடத் துடிப்பது இயல்பு. ஆனால் கதிர்வீச்சு உண்டாக்கிய அழற்சியும் குளுக்கோஸை உறிஞ்சும். ஆகவே பொதுவாக 3 மாதம் காத்திருக்கிறார்கள். சோதனைக்காகத் திசுவை வெட்டியெடுத்த (பயாப்ஸி) புண்ணும் இதே குழப்பத்தைத் தரும்.

எதுவும் ஒளிரவில்லை என்றால் நோயே இல்லை என்று எடுத்துக்கொள்வதும் பிழை. சளி சுரக்கும் சில சினைப்பைக் கட்டிகள் எஃப்டிஜியை அதிகம் ஏற்பதில்லை. மிகச் சிறிய நிணநீர் முடிச்சுகளும் தப்பிவிடும். மாறாக, கருப்பையின் நார்த்திசுக்கட்டியும், கருப்பை உட்படலம் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸும் புற்றுநோயாக இல்லாமலே ஒளிர்வதுண்டு. இவ்விரண்டையும் கண்டறிய அல்ட்ராசவுண்டும் எம்ஆர்ஐயுமே உரியவை என்பதால், சாதாரண அடிவயிற்று வலிக்குப் பெட் ஸ்கேன் கேட்டு வருவது தேவையற்ற கதிரியக்கத்தை வாங்கிக்கொள்வதாகும். கர்ப்பமாக இருக்க வாய்ப்புள்ளவரும் தாய்ப்பால் கொடுப்பவரும் ஊசி போடுவதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். ஃப்ளோரின்-18 பாதியாகக் குறைய ஏறத்தாழ 110 நிமிடம் ஆகும் என்பதால், ஸ்கேன் முடிந்த பிறகும் சில மணி நேரம் குழந்தையை மடியில் வைத்திருக்க வேண்டாம் என்பார்கள்.

டெக்னீஷியம்-99எம் என்னும் கதிரியக்கப் பொருள் கொண்டு செய்யும் எலும்பு ஸ்கேனிலும் இத்தகைய ஏமாற்றம் ஒன்று உண்டு. இடுப்பில் கதிர்வீச்சு பெற்ற பெண்ணுக்கு, முதுகெலும்பின் அடியில் உள்ள, பலமிழந்த திருவெலும்பில் தானாகவே விரிசல் விழலாம். அதைப் பரவிய புற்றுநோய் என்று படித்துவிடும் ஆபத்து இருக்கிறது. இரு பக்கமும் நிமிர்ந்த கோடுகளும் அவற்றை இணைக்கும் குறுக்குக் கோடுமாக அது ஒளிர்ந்தால் விரிசலை முதலில் நினைக்க வேண்டும். கதிர்வீச்சு பெற்ற விவரம் கையில் இருந்தால்தான் அந்த நினைவே வரும்.