சிஓ-வை வேலைத் தரத்தோடு பொருத்துவது எப்படி? டிபிஎம்எஸ் பாடத்தை வைத்து ஒரு செய்முறை

ஒரு பாடத்தை முடித்த மாணவரால் என்ன செய்ய முடியும் என்பது சிஓ (பாட விளைவு). முழுப் படிப்பையும் முடித்தவரால் என்ன செய்ய முடியும் என்பது பிஓ (படிப்பு விளைவு). சிஓ-வைப் பிஓ-வோடு ஓர் அட்டவணையில் பொருத்தி, பொருத்தம் எவ்வளவு வலுவானது என்பதற்கேற்ப கட்டங்களில் 3, 2, 1 போடுவது கல்லூரி ஆசிரியர்களுக்குப் பழகிய வேலை. அதே சிஓ-வை வேலைத் தரங்களோடு எப்படிப் பொருத்துவது? பி.எஸ்சி. கணினி அறிவியலின் டிபிஎம்எஸ் (தரவுத்தள மேலாண்மை) பாடத்தை எடுத்துக்கொள்வோம்.

படி 1: ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள்

'ஐ.டி. வேலை' என்று பொதுவாக வைத்தால் எல்லாமே பொருந்திவிடும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் ஐஎஸ்கோ-08 என்ற தொழில் வகைப்பாட்டில் தரவுத்தள வடிவமைப்பாளர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் உரிய எண் 2521. இந்தியாவின் தேசியத் தொழில் வகைப்பாடான என்சிஓ-2015 இந்த வகைப்பாட்டை ஒட்டியே அமைந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தொழில்-திறன் பட்டியலான எஸ்கோவும் தொழில்களை இதே எண்களின் கீழ்தான் அடுக்குகிறது. அதனால் இந்த எண்ணை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: தரங்களை எடுத்து வையுங்கள்

எஸ்கோ தளத்தில் தொழிலைத் தேடினால் அவசியத் திறன்கள், விருப்பத் திறன்கள் என்று இரண்டு பட்டியல் இலவசமாகக் கிடைக்கும். இந்தியத் தரமான என்ஓஎஸ் (தேசியத் தொழில் தரம்) ஆவணத்தில் செய்துகாட்ட வேண்டியவை 'பிசி' என்றும், தெரிந்திருக்க வேண்டியவை 'கேயு' என்றும் தனித்தனியே இருக்கும். இந்தப் பிரிவினையை மறக்காதீர்கள்.

படி 3: வினைச்சொல்லைப் பாருங்கள்

இங்கேதான் நிறைய நேரம் செலவிட வேண்டும். 'நார்மலைசேஷனைப் புரிந்துகொள்வார்' (அதாவது, ஒரே தகவல் திரும்பத் திரும்ப வராதபடி டேபிள்களைப் பிரிக்கும் முறையை) என்ற சிஓ கேயு பக்கம் மட்டுமே சேரும். எஸ்கோ கேட்பதோ ரிலேஷனல் விதிப்படி தரவுத்தள அமைப்பை வரைவது. தலைப்பு ஒன்றுதான், வேலை வேறு.

எது உண்மை என்று லேப் பயிற்சி சொல்லிவிடும். ஒரு மளிகைக் கடை பில்லைக் கொடுத்து டேபிள்களாகப் பிரிக்கச் சொல்லுங்கள். வாடிக்கையாளர், பில், பொருள், பில் வரி (பில்லில் ஒவ்வொரு பொருளுக்கும் உள்ள வரி) என்று நான்கு வரும். விலையைப் பொருள் டேபிளில் மட்டும் வைத்தால், நாளைக்கு விலை ஏறும்போது பழைய பில்லின் தொகையும் மாறிவிடும். விற்ற விலை பில் வரியிலும் இருக்க வேண்டும் என்று மாணவர் தானாகக் கண்டுபிடிக்கும் அளவுக்குப் பயிற்சி இருக்கிறதா? அப்படியானால் தாராளமாக 3 போடலாம். '3என்எஃப் (நார்மலைசேஷனின் மூன்றாம் நிலை) விளக்குக' என்ற தேர்வுக் கேள்வி மட்டும்தான் இருக்கிறதென்றால் 1 போதும்.

படி 4: நிலையைச் சரிபாருங்கள்

படிப்புகளுக்கும் தொழில் தகுதிகளுக்கும் நிலை எண் தரும் தேசிய கிரெடிட் கட்டமைப்பில் மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு நிலை 5.5. படி 2-இல் நீங்கள் எடுத்த இந்தியத் தர ஆவணத்தின் நிலை இதைவிட மேலே இருந்தால், முழுதும் பொருந்துவதாகக் காட்டாதீர்கள்.

படி 5: பொருந்தாத கட்டத்தில் 0-வை அப்படியே விடுங்கள்

முதல் முறை நான் இதைச் செய்தது ஆய்வுக் குழு வருவதற்கு முந்தின இரவு. ரெகவரி (இழந்த தரவை மீட்பது) பாடத்தில் இருக்கிறதே என்று பேக்கப் (தரவை நகலெடுத்து வைப்பது) திறனுக்கும் 3 போட்டேன். அப்புறம் என் மாணவி ஒருத்தி நேர்காணலிலிருந்து வந்து, "பேக்கப்பிலிருந்து எப்படி மீட்பீர்கள்னு கேட்டாங்க மேடம், நான் ஒருமுறைகூடச் செஞ்சதில்லையே" என்றாள். அந்தக் கட்டத்தில் இருக்க வேண்டியது 0.

0 போட்டால்தான் பாடத்திட்டக் குழுவில் பேச ஒரு காரணம் கிடைக்கும். நாங்கள் சேர்த்தது ஒரே ஒரு லேப் பயிற்சி: மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் பேக்கப் எடுத்து, ஒரு டேபிளை வேண்டுமென்றே டிராப் செய்து (அழித்து), பேக்கப்பிலிருந்து மீட்டு, வரிகளை எண்ணிச் சரிபார்ப்பது. இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது.