தபால் வேன் மோதினால் அமெரிக்க அரசின் மீது வழக்கு போடுவது எப்படி?

அமெரிக்காவில் தபால் துறை வேன் ஒன்று உங்கள் காரில் மோதி, கை உடைந்துவிட்டது என்று வையுங்கள். அரசே சம்மதிக்காமல் அரசின் மீது வழக்கு போட முடியாது என்பது அங்கே பழைய விதி. 1946-ல் வந்த ஃபெடரல் டார்ட் கிளெய்ம்ஸ் சட்டம் (அரசு ஊழியரின் தவறால் வந்த நஷ்டத்துக்கு மத்திய அரசிடம் ஈடு கேட்கும் சட்டம்) அந்தச் சம்மதத்தைத் தந்தது, ஆனால் நிபந்தனைகளோடு. அதைத் தாண்டிக் கேட்டால், நியாயம் யார் பக்கம் என்று பார்க்கும் அதிகாரமே கோர்ட்டுக்கு இல்லை.

முதல் வேலை, ஸ்டாண்டர்டு ஃபார்ம் 95, அதாவது அரசுத் துறையிடம் நஷ்டஈடு கேட்கும் படிவம். விபத்து நடந்த 2 வருடத்துக்குள் அது தபால் துறையின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். இவ்வளவு டாலர் என்று ஒரே தொகையாக எழுதுங்கள், 'செலவு இன்னும் ஆகிறது' என்று இழுக்காதீர்கள். பின்னால் கோர்ட்டில் அதைவிடக் கூடுதலாகக் கேட்பது கஷ்டம், அதனால் நன்றாக யோசித்து எழுதுங்கள்.

அடுத்து, பொறுமை. வழக்கு போடும் முன் தபால் துறையிடமிருந்து எழுத்தில் மறுப்பு வர வேண்டும், இல்லையென்றால் படிவம் கொடுத்து 6 மாதம் கழிய வேண்டும். மறுப்புக் கடிதம் அனுப்பிய தேதியிலிருந்து வழக்கு போட 6 மாதம்தான். இங்கே அவசரம் ஆகவே ஆகாது. மெக்நீல் வழக்கில் ஒருவர் முதலில் வழக்கு போட்டுவிட்டு அப்புறம் துறையிடம் நஷ்டஈடு கேட்டு மனு கொடுத்தார், நடுவில் மறுப்பும் வந்துவிட்டது, ஆனாலும் தள்ளுபடி சரிதான் என்று 1993-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, இப்போது ஃபெடரல் மாவட்ட நீதிமன்றம். பிரதிவாதி டிரைவரோ தபால் துறையோ அல்ல, 'யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆஃப் அமெரிக்கா'. ஜூரி கிடையாது, நீதிபதியே தீர்ப்பு சொல்வார்.

வழக்கு மனுவில் ஒவ்வொரு கோரிக்கையையும் தனித்தனியாக எழுதுங்கள், இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். கோர்ட் ஒவ்வொன்றையும் தனியாகத்தான் எடை போடும். கவனமில்லாமல் ஓட்டியதற்கான நஷ்டஈடு நிற்கும். அதே வேனில் வந்த உங்கள் பார்சல் தொலைந்ததற்கும் சேர்த்துக் கேட்டால் அது போய்விடும், தொலைந்த தபாலுக்கு அந்தச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. தண்டனையாகக் கேட்கும் கூடுதல் தொகைக்கும் இடமில்லை.

அரசுக்குப் பதில் தர 60 நாள். பெரும்பாலும் அதற்குள், கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லாத கோரிக்கைகளைத் தள்ளுங்கள் என்று அரசிடமிருந்து மனு வரும். பாதி தள்ளுபடி ஆனால் பயப்படாதீர்கள், மீதி வழக்கு உயிரோடுதான் இருக்கிறது. தள்ளிய பகுதிக்குப் பொதுவாக இறுதித் தீர்ப்புக்குப் பிறகே அப்பீல் போக முடியும். அதுவரை மருத்துவ பில்லையும் விபத்து ரிப்போர்ட்டையும் பத்திரமாக வைத்துக்கொண்டு மீதி வழக்கை நடத்துங்கள்.