கோடையில் ஒரு சென்ட் காய்கறித் தோட்டம்: வெயிலையும் ஆலங்கட்டி மழையையும் சேர்த்துச் சமாளிக்க

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சித்திரை மாதத்தில் பத்து நாள் நெருப்பாகக் காயும். பதினோராம் நாள் சாயங்காலம் சூறைக்காற்றும் ஆலங்கட்டியுமாக அரை மணி நேரம் கொட்டிவிட்டுப் போகும். முதல் முறை தோட்டம் போடுகிறவர்கள் வெயிலுக்கு மட்டும்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் செடியைக் கெடுப்பது மண் எலும்பாகக் காய்ந்து, திடீரென்று சேறாகி, மறுபடியும் காய்வதுதான். தக்காளி வெடிப்பது, காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகுவது, செடி திடீரென்று வாடுவது என்று பலவற்றுக்கும் தொடக்கம் அங்கேதான். மண்ணின் ஈரத்தை ஒரே சீராக வைப்பது எப்படி என்பதே கீழே உள்ள எல்லா வேலைகளுக்கும் அடிப்படை.

1. பாத்தி

ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். 4 அடி அகலம், 10 அடி நீளத்தில் ஆறு பாத்திகள் எடுத்தால் நடைபாதைக்கும் இடம் இருக்கும். மேட்டுப்பாத்தி கோடையில் சீக்கிரம் காயும். தரைமட்டத்தைவிட 3 அங்குலம் தாழ்ந்த பள்ளப்பாத்தியே நம் செம்மண்ணுக்குச் சரி. ஆனால் ஒவ்வொரு பாத்தியின் தாழ்ந்த மூலையிலும் ஒரு சாண் அகலத்துக்கு வரப்பை வெட்டி, மண்ணால் அடைத்து வையுங்கள். பெருமழை வந்தால் அந்த அடைப்பைத் திறந்துவிட்டால் போதும். இந்த வடிகாலை வைக்காமல் விட்டவர்களுக்குத்தான் ஒரே மழையில் மொத்தப் பாத்தியும் போகிறது.

பாத்திக்கு 10 கிலோ நன்றாக மக்கிய தொழுவுரமும் அரைக் கிலோ வேப்பம்புண்ணாக்கும் கலக்குங்கள். பாதி மக்கிய எருவைப் போட்டால் கரையானும் வேர்ப்புழுவும் கூடவே வரும்.

2. என்ன நடுவது

வெண்டை, கொத்தவரை, காராமணி, தண்டுக்கீரை ஆகிய நான்கும் வெயிலைத் தாங்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பாதி இடத்தை இவற்றுக்கே கொடுங்கள். கத்தரி, மிளகாய், தக்காளிக்கு தை மாதமே நாற்று விட்டு, மாசி முடிவதற்குள் நட்டுவிட வேண்டும். அக்னி நட்சத்திரத்துக்கு முன் வேர் ஆழமாக இறங்கியிருந்தால்தான் செடி நிற்கும். தக்காளியில் பையூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பையூர் 1 மானாவாரிக்கும் ஏற்ற ரகம். முட்டைக்கோஸ், கேரட் ஆசையெல்லாம் ஓசூர், தளி பக்கம் இருப்பவர்களுக்குச் சரி. அரூர், ஊத்தங்கரை வெயிலில் வேண்டாம்.

தக்காளிக்கு வரிசைக்கு வரிசை 2 அடி, செடிக்குச் செடி ஒன்றரை அடி. நடவு எப்போதும் சாயங்காலம்தான். முதல் ஒரு வாரம் வேப்பங்கொத்தை மேற்குப் பக்கம் குத்தி நிழல் கொடுங்கள்.

3. தண்ணீர்

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்பது ஒரு லிட்டர். உச்சக் கோடையில் மண்ணும் செடியும் சேர்ந்து ஒரு நாளைக்கு 5, 6 மில்லிமீட்டர் இழக்கும். நம் பாத்தி சுமார் 3.7 சதுர மீட்டர், ஆகவே பாத்திக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர். கீரைக்கு இதைத் தினமும் ஊற்றுங்கள். காய்ச்செடிகளுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் 40 லிட்டராக ஊற்றுங்கள். தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேல் மண்ணிலேயே படர்ந்து, ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் சாய்ந்துவிடும்.

காலை 8 மணிக்குள் ஊற்றிவிடுங்கள். வெயிலில் கிடந்த குழாயில் முதலில் வருவது வெந்நீர், அதைக் கொஞ்ச நேரம் வெளியே விட்டுவிட்டுப் பிறகு பாத்திக்குத் திருப்புங்கள். மதியம் இலை தொங்குவதைப் பார்த்துப் பதற வேண்டாம். மாலையில் தானாக நிமிர்ந்தால் செடி நன்றாகவே இருக்கிறது. காலையிலும் தொங்கினால்தான் கவலை. சந்தேகம் வந்தால் 4 அங்குல ஆழத்தில் மண்ணை எடுத்துப் பிடித்துப் பாருங்கள். உருண்டையாக நின்றால் தண்ணீர் வேண்டாம்.

போர் தண்ணீர் கோடையில் இறங்க இறங்க உப்பு கூடுவது இங்கே பல ஊர்களில் உண்டு. மண் மேல் வெள்ளைப் படலம் தெரிந்தால் தண்ணீரைப் பரிசோதித்துவிடுங்கள்.

4. மூடாக்கு

மூடாக்கு என்பது மண்ணை மூடப் பரப்பும் தாள், சருகு. மண்ணை நன்றாக நனைத்த பிறகே அதைப் போட வேண்டும். காய்ந்த மண் மேல் போட்டால் வறட்சியைத்தான் மூடி வைத்ததாகும். கேழ்வரகுத் தாள், நிலக்கடலைத் தோல், மாந்தோப்புச் சருகு எதுவானாலும் 3 அங்குல கனம். தண்டைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி விடுங்கள், ஒட்டிக் கிடந்தால் தண்டு அழுகும். சருகு காற்றில் பறக்காமல் மேலே நாலு குச்சியைக் குறுக்கே போடுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: சின்னத் தூறல் மூடாக்கையே நனைத்துவிட்டு நின்றுவிடும். விரலை விட்டுப் பார்க்காமல் "மழை பெய்ததே" என்று தண்ணீரை நிறுத்தக் கூடாது.

5. நிழல்வலை

தக்காளிக்கும் கீரைக்கும் 50 சதவீத நிழல்வலை போதும், வெண்டைக்குத் தேவையில்லை. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும் நாட்களில் தக்காளியின் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். அப்போது உரம் வைத்தாலும் பூ நிற்காது. நாள் முழுக்க மூடியே வைத்தால் செடி நெட்டையாக வளர்ந்து காய்க்காது, ஆகவே 11 மணி முதல் 4 மணி வரை மூடினால் போதும். மேற்கு வெயில் படும் காயில் வெள்ளைத் திட்டு விழும், அதனால் இலைகளைக் கிள்ளி எறிய வேண்டாம்.

வலையைத் தாங்க நம் ஊர்க் கல்லுக்காலைவிட உறுதியானது இல்லை: 8 அடிக் கால், 2 அடி மண்ணுக்குள். வலையை ஒரு பக்கம் சரிவாக இழுத்துக் கட்டினால் ஆலங்கட்டி தேங்காது. மூங்கில் கால் என்றால் மேகம் கறுக்கும்போதே வலையை அவிழ்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் காற்று வலையோடு காலையும் பிடுங்கி செடி மேலேயே போடும்.

6. சூறைக்காற்றுக்கு முன்னும் பின்னும்

தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு ஒரு முழம் வளர்ந்ததும் குச்சி நடுங்கள். ஒன்றரை அடி மண்ணுக்குள் இறங்க வேண்டும். வாழைநாரை எட்டு போலச் சுற்றி, ஒரு விரல் நுழையும் அளவு தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டிய இடத்தில்தான் தண்டு ஒடியும். காற்று வரும் திசையில் இரண்டு வரிசை மக்காச்சோளம் அல்லது அகத்தி முன்கூட்டியே விதைத்திருந்தால் காற்றின் வேகம் நன்றாகக் குறையும். மழை மிரட்டும்போது பழுத்த, பாதி சிவந்த தக்காளியைப் பறித்துவிடுங்கள், காய்ந்த வேர் திடீரென்று தண்ணீர் குடித்தால் அவைதான் முதலில் வெடிக்கும்.

மழை நின்றதும் வடிகால் திறந்திருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் உடனே திறந்துவிடுங்கள். வேருக்குக் காற்று இல்லாமல் ஒரு நாளுக்கு மேல் தண்ணீர் நின்றால் செடி மீள்வது கடினம். ஈர மண்ணிலேயே செடி வாடுவதைப் பார்த்து மேலும் தண்ணீர் ஊற்றுவது பெரிய தவறு. சாய்ந்த செடியை அன்றே மெதுவாக நிமிர்த்தி மண் அணையுங்கள். ஒடிந்த கிளையைச் சீராக வெட்டிவிட்டு, இலை உலர்ந்த பிறகு லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சி குளோரைடு என்ற பூஞ்சாண மருந்தைக் கலந்து மாலையில் தெளியுங்கள். தெளித்தால் மருந்துப் பையில் எழுதியுள்ள காத்திருப்பு நாட்கள் முடியும் வரை காய் பறிக்கக் கூடாது. இரண்டு நாள் கழித்து, இறுகிய செம்மண்ணைக் களைக்கொத்தால் ஓர் அங்குலம் மட்டும் கிளறிவிடுங்கள்.

பச்சையாகவே ஒரு செடி வாடினால் அடித்தண்டை வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் பிடித்துப் பாருங்கள். பால் போல இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல், மருந்து கிடையாது. வேரோடு பிடுங்கி எரித்துவிட்டு, அந்த இடத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய் எதையும் வைக்காமல் தண்டுக்கீரையோ மக்காச்சோளமோ போடுங்கள்.