எண்ணெய் குடித்த பிரேக் பேட்

சைக்கிளின் பின் டிஸ்க் பிரேக் திடீரென்று கீச்சிட ஆரம்பித்தது. லீவரை முழுசாக அழுத்தினாலும் வண்டி நிற்க மறுத்தது. கேபிளை இறுக்கிப் பார்த்தேன், பயனில்லை. தட்டை அழுத்திப் பிடிக்கும் பேடைக் கழற்றியபோதுதான் விஷயம் புரிந்தது: தேய்மானம் அதிகமில்லை, ஆனால் முகம் கண்ணாடி போல் பளபளத்தது. முந்தைய நாள் செயினுக்கு அடித்த ஸ்பிரே எண்ணெய் அங்கேயும் தெறித்திருக்கிறது.

உப்புத்தாளால் தேய்த்து மாட்டினேன். இரண்டு நாள் சரியாக இருந்தது, அப்புறம் அதே சத்தம். பேடின் நுண்துளைகளுக்குள் எண்ணெய் இறங்கிவிட்டால் அதை முழுசாக எடுக்க முடியாது; புதிது போடுவதுதான் வழி.

வாங்கும்போது காலிப்பருக்கு, அதாவது பேடைத் தாங்கும் கவ்விக்கு, பொருந்தும் வடிவம் பார்ப்போம். சக்கரத்தோடு சுழலும் தட்டான ரோட்டரில் ‘ரெசின் பேட் மட்டும்’ (பிசின் கலந்த பேட்) என்று பொறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். என்னுடையதில் இருந்தது. அதில் உலோகப் பேட் போட்டால் ரோட்டர் சீக்கிரம் தேய்ந்துவிடும். ரோட்டரின் தடிமனையும் அளந்தேன்: 1.7 மி.மீ. அதன் குறைந்தபட்ச வரம்பு 1.5, ரோட்டரிலேயே பொறித்திருக்கிறது.

ரோட்டரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, முகத்தில் விரல் படாமல் புதுப் பேடை மாட்டினேன். புதுப் பேட் ரோட்டரில் படிந்து பிடிக்க, மிதமான வேகத்தில் போய், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் மெல்ல அழுத்தி, நடை வேகத்துக்குக் கொண்டுவந்தேன். இப்படி 20 தடவை. பாதியிலேயே பிடிப்பு ஏறுவது விரலுக்குத் தெரிந்தது. செயினுக்கு இப்போது சொட்டுச் சொட்டாகத்தான் எண்ணெய் விடுகிறேன்.