வீட்டு நடையில் எதை எங்கே வைப்பது: அளவும் அமைப்பும்

கடையிலிருந்து ஒரு செருப்பு அலமாரியை வாங்கி வந்து நடையில், அதாவது வாசலிலிருந்து உள்ளே போகிற வழியில், நிறுத்துவதுதான் பெரும்பாலான வீடுகளில் முதல் வேலை. அது கடைசி வேலையாக இருக்க வேண்டும். முதலில் ஒரு வாரம் கவனியுங்கள். கிளம்பும்போது யார் எதை எடுக்கிறார்கள், திரும்பி வந்ததும் எதை எங்கே போடுகிறார்கள்? செருப்பு, குடை, ஹெல்மெட், வண்டிச் சாவி, பள்ளிக்கூடப் பை, மஞ்சப்பை, பால் தூக்கு. அநேகமாக இவ்வளவுதான் வரும். இந்தப் பட்டியலில் சேராத எதற்கும் நடையில் இடம் கிடையாது. கல்யாணத்துக்கு மட்டும் போடுகிற செருப்பு மச்சுக்குப் போகட்டும். ரேஷன் அட்டையும் சிலிண்டர் புத்தகமும் பட்டாசலை (முன்கூடத்தை) தாண்டி உள்ளே பீரோவில் இருக்கட்டும்.

அடுத்து டேப்பை எடுங்கள். நிலைக்கதவின் இரண்டு பக்கத்தையும் முழுக்கத் திறந்து, கதவு சுற்றும் இடத்தைச் சாக்பீஸால் தரையில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோட்டுக்குள் எந்தப் பொருளும் வரக் கூடாது. ராத்திரி வண்டியை உள்ளே ஏற்றுகிற வீடானால் நடக்க 3 அடி விட வேண்டும். இல்லையென்றால் இரண்டரை அடி போதும். 4 அடி நடையில் 1 அடி ஆழத் தட்டு சரியாக உட்காரும். திருநெல்வேலி டவுன் பக்கத்து நீள வீடுகளில் நடையே மூன்றேகால் அடிதான் இருக்கும். அங்கே செருப்பைச் சாய்த்து வைக்கிற 9 இஞ்சுத் தட்டுதான் ஒத்துவரும்.

தட்டுக்குக் கதவு வேண்டாம். ஈரச் செருப்பை மூடி வைத்தால் ஐப்பசி, கார்த்திகையில் இரண்டே நாளில் நாறும், தோல் ஷூவில் பூஞ்சை பிடிக்கும். இருட்டும் ஈரமும் இருக்கிற இடத்தைத் தேளும் பூரானும் தேடி வரும். இன்னொன்று, செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்து உள்ளே வைக்க வீட்டில் யாருக்கும் பொறுமை இருக்காது. அலமாரிக்கு முன்னால்தான் குவியும்.

நாலு பேர் வீட்டுக்கு 12 ஜோடி கொள்ளும் திறந்த தட்டை ஆசாரியிடம் இப்படிச் சொல்லிச் செய்யலாம். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள (ஈரம் தாங்கும் மரைன் வகை) 18 மி.மீ. பிளைவுட், 8க்கு 4 அடிப் பலகை ஒன்று. ரம்பம் தின்னும் அளவு போக நீளவாக்கில் 11¾ இஞ்சு அகலத்துக்கு நாலு பட்டை வரும். முதல் பட்டையில் 36 இஞ்சு மேல்பலகையும் 30 இஞ்சுப் பக்கப்பலகை ஒன்றும். இரண்டாவதில் 34½ இஞ்சுத் தட்டு இரண்டு. மூன்றாவதில் இன்னொரு தட்டும் மற்றப் பக்கப்பலகையும். நாலாவது பட்டை மிச்சம், அதற்கும் வேலை இருக்கிறது.

தட்டுகளின் மேல்பரப்பு தரையிலிருந்து 6, 14, 22 இஞ்சு உயரத்தில் வரட்டும். அடியில் 5 இஞ்சு இடைவெளி இருந்தால்தான் வாரியல் உள்ளே போகும். ஒவ்வொரு முனையிலும் ஒன்றரை இஞ்சுத் திருகு மூன்று. திருகு ஏற்றும் முன் 3 மி.மீ. துளை போடாவிட்டால் பலகையின் ஓரம் பிளந்துகொள்ளும். முதுகுப் பலகை தேவையில்லை. ஆனால் பின்பக்கம் மேலே 3 இஞ்சுப் பட்டை ஒன்றை வைத்து அதைச் சுவரோடு இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் தட்டு ஒருபக்கமாகச் சாயும்.

வீணாகப் போவது பெரும்பாலும் அடிப்பாகம்தான். தினமும் தரை துடைக்கிற தண்ணீர் பக்கப்பலகையின் அடிவிளிம்பு வழியே ஏறி, பிளைவுட் அடுக்கடுக்காகப் பிரியும். பிறகு செல்லு (கரையான்) அரிக்கும். அடிவிளிம்புக்கு இரண்டு கோட்டு பிரைமர் அடித்து, கீழே கிரானைட் துண்டு கொடுங்கள். பழைய சுவரில் ஓதம் (ஈரக்கசிவு) இருந்தால் தட்டுக்கும் சுவருக்கும் நடுவே 1 இஞ்சு விடுங்கள்.

மிச்சப் பட்டையிலிருந்து 4 இஞ்சு அகலத்தில் 3 அடி நீளத்துக்கு இரண்டு பலகை எடுத்துக் கொக்கிகளை மாட்டுங்கள். பெரியவர்களுக்கு 5 அடி உயரத்தில் ஒன்று, பிள்ளைகளுக்கு 3 அடியில் ஒன்று. கொக்கிக்குக் கொக்கி 7 இஞ்சு. பள்ளிக்கூடப் பை கனமானது. கொக்கியைத் தனித்தனியாகச் சுவரில் அடித்தால் பிடுங்கிக்கொண்டு வரும். பலகையை 8 மி.மீ. பிளக், 2 இஞ்சுத் திருகு நாலு போட்டுச் சுவரில் இறுக்குங்கள். சுண்ணாம்புக் காரை பூசிய பழைய சுவரில் 2 இஞ்சு நிற்காது. மேல்காரை உதிர்ந்துவிடும், செங்கல்வரை போகிற 4 இஞ்சு பிளக்கும் அதற்கேற்ற நீளத் திருகும் வேண்டும். மண்சுவரானால் துளையே போடாமல் நிற்கும் ஸ்டாண்டு வாங்குங்கள். ஹெல்மெட்டுக்கு மெல்லிய கம்பிக் கொக்கி ஆகாது, உள்பஞ்சு கிழியும். தட்டின் மேல்பலகையிலேயே வைக்கலாம்.

குடைக்கு 4 இஞ்சு பி.வி.சி. பைப்பில் ஒன்றரை அடித் துண்டை அறுத்து, கிளாம்ப் போட்டுச் சுவரில் நிறுத்தி, கீழே ஒரு மண்தட்டு வைத்தால் போதும். பைப்பின் அடியை மூடக் கூடாது. தண்ணீர் தேங்கிக் கொசு வரும். நனைந்த ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து ஒரு ராத்திரி வெளியே விட்ட பிறகே தட்டில் ஏற்றுங்கள்.

சாவி மாட்டுகிற இடத்தில் எச்சரிக்கை வேண்டும். கிரில் கேட்டுக்கும் ஜன்னலுக்கும் அருகில் தொங்கினால் கம்பை விட்டு எடுத்துவிடலாம். குறைந்தது 5 அடி தள்ளி, தெருவிலிருந்து கண்ணில் படாத பக்கச் சுவரில் மாட்டுங்கள். சில்லறை, பேனா, மடித்த மஞ்சப்பை இதற்கெல்லாம் ஒரு பனைநார்ப் பெட்டி போதும். பெட்டி ஈரம் படாத மேல்பலகையில் இருக்க வேண்டும்.

வாசல் பார்க்கும் திசையும் முக்கியம். கிழக்கு வாசலில் ஐப்பசி மழைச் சாரல் உள்ளே அடிக்கும்; தட்டை நிலையிலிருந்து 2 அடியாவது உள்ளே தள்ளுங்கள். மேற்கு வாசலில் ஆனி, ஆடிக் காற்று புழுதியைக் கொண்டுவந்து கொட்டும், சாயங்கால வெயிலில் ரப்பர் செருப்பு வளையும். அங்கே தட்டைக் கதவுக்குப் பின்பக்கம் நிழலில் வையுங்கள். தேங்காய்நார் மிதியடி இரண்டு வாங்கி, ஒன்று காயும்போது மற்றதைப் போடுங்கள்.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேருக்கு விருந்தாளிகள் கூடினால் அவர்கள் செருப்புக்குத் தட்டில் இடம் தேட வேண்டாம். கோலத்தை ஒட்டாமல் திண்ணையோரம் ஒரு சாக்கை விரித்தால் சமாளித்துவிடலாம்.

2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணித் தண்ணீர் ஏறிய திருநெல்வேலி ஜங்ஷன், சிந்துபூந்துறை போன்ற தாழ்ந்த இடங்களில் வீடு இருந்தால் பிளைவுட்டே வேண்டாம். இதே அளவுகளில் இரும்பு ஆங்கிளும் பி.வி.சி. பலகையும் போட்டுச் செய்யுங்கள். தண்ணீர் வடிந்ததும் கழுவிக் காயவைத்து மறுபடி மாட்டிக்கொள்ளலாம்.