ஃபோனோ ப்ரீஆம்ப் மாற்றப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்ன்டேபிள் வாங்கிக் கொஞ்ச நாள் ஆனதும் பலருக்கும் ஒரு ஆசை வரும். அதற்குள்ளேயே வந்த ப்ரீஆம்பை (ஊசியிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைப் பெருக்கி ஆம்ப்ளிஃபையருக்குத் தரும் பகுதி) ஒதுக்கிவிட்டு, தனியாக நல்லதாக ஒரு ஃபோனோ ப்ரீஆம்ப் வாங்கிவிட வேண்டும். தாராளமாக வாங்கலாம். ஆனால் "இந்த பட்ஜெட்டில் எது பெஸ்ட்?" என்று ஆரம்பிப்பதுதான் முதல் தவறு. உங்கள் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின் சிக்னலாக்கும் பாகம்) எது என்று தெரியாமல் அந்தக் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.

அதற்கும் முன்னால் ஊசியைப் பாருங்கள். பரவலாகப் புழங்கும் ஆடியோ-டெக்னிகா ஏடி-எல்பி120எக்ஸ் மாடலில் விஎம்95இ கார்ட்ரிட்ஜ் வருகிறது. அதன் எலிப்டிகல் (முனை நீள்வட்டமான) ஊசிக்கு ஆயுள் 300 மணி நேரம் என்று கம்பெனியே சொல்கிறது. தினம் ஒரு எல்பி கேட்பவருக்கு அது ஒன்றரை வருடத்திலேயே முடிந்துவிடும். தேய்ந்த ஊசி தரும் கரகரப்பை எந்த ப்ரீஆம்பும் போக்காது, இன்னும் தெளிவாகக் காட்டும், அவ்வளவுதான். அதே கார்ட்ரிட்ஜில் ஊசியை மட்டும் கழற்றி மைக்ரோலீனியர் (இன்னும் நுண்ணிய முனை கொண்ட) ஊசி போட்டாலே வித்தியாசம் தெரியும். என்னைக் கேட்டால் முதல் செலவு அதுதான்.

அடுத்தது, பின்பக்கம் இருக்கும் அந்தச் சின்ன சுவிட்ச். ஃபோனோ, லைன் என்று இரண்டு நிலை. லைனில் உள்ளிருக்கும் ப்ரீஆம்ப் வேலை செய்யும், ஃபோனோவில் அது ஒதுங்கிவிடும். புது ப்ரீஆம்பை மாட்டிவிட்டு இதை லைனிலேயே விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். இசைத்தட்டு வெட்டும்போது வரி (ஊசி ஓடும் பள்ளம்) அகலமாகாமல் இருக்க பேஸைக் குறைத்து, இரைச்சலை அமுக்க ட்ரெபிளைத் தூக்கிப் பதிவார்கள். 1954இல் அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனிகளின் சங்கமான ஆர்ஐஏஏ வகுத்த அளவு இது. 20 ஹெர்ட்ஸில் சுமார் 20 டெசிபெல் ஏற்றி, 20,000 ஹெர்ட்ஸில் அதே அளவு இறக்கி அதைச் சரிசெய்வதுதான் ப்ரீஆம்பின் முக்கிய வேலை. சுவிட்ச் லைனில் இருந்தால் இந்தத் திருத்தம் இரண்டு தடவை நடக்கும். பேஸ் குமுறும், பாடகர் போர்வைக்குள்ளிருந்து பாடுவது போலிருக்கும், சத்தமான இடத்தில் உடையும். புதுப் பெட்டியே மட்டம் என்று திருப்பி அனுப்புவதற்கு முன் அந்த சுவிட்சைத் தொட்டுப் பாருங்கள்.

இப்போது கெயின், அதாவது ப்ரீஆம்ப் சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது. விஎம்95இ போன்ற மூவிங் மேக்னட் (ஊசியோடு காந்தம் அசையும்) வகை சுமார் 4 மில்லிவோல்ட் தரும். அதற்கு 40 டெசிபெல், அதாவது 100 மடங்கு போதும். டெனான் டிஎல்-103 போன்ற மூவிங் காயில் (கம்பிச்சுருள் அசையும்) வகை தருவது 0.3 மில்லிவோல்ட்தான். அதற்கு 60 டெசிபெல், 1000 மடங்கு வேண்டும். "அதிக கெயின் இருந்தால் நல்லதுதானே" என்று 4 மில்லிவோல்ட் கார்ட்ரிட்ஜை 60 டெசிபெலில் விட்டால் உச்சத்தில் ஒலி வெட்டுப்படும். இன்னொன்று: மூவிங் காயில் என்றாலே 60 என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டெனானின் டிஎல்-110 மூவிங் காயில்தான், ஆனால் 1.6 மில்லிவோல்ட் தரும். சாதாரண மூவிங் மேக்னட் இன்புட்டிலேயே ஓடும்.

யாரும் பார்க்காத எண் கெபாசிட்டன்ஸ், அதாவது கேபிளும் இன்புட்டும் மின்னூட்டத்தைத் தேக்கும் அளவு. மூவிங் மேக்னட்டுக்கு 47 கிலோஓம் லோடு (ப்ரீஆம்ப் இன்புட்டின் மின்தடை) என்பது பொது வழக்கம், பெரும்பாலும் எல்லாப் பெட்டியிலும் அதுதான் இருக்கும். சிக்கல் பிக்கோஃபாரட் கணக்கில். விஎம்95இ கேட்பது மொத்தமாக 100 முதல் 200 வரை. கவனியுங்கள், மொத்தமாக. டோன் ஆர்முக்குள் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை) ஓடும் வயரும், வெளியே வரும் கேபிளும், ப்ரீஆம்பின் இன்புட்டும் சேர்ந்த தொகை அது. மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் உள்ள கேபிள் ஒன்றரை மீட்டர் என்றால் அதிலேயே 150 போய்விட்டது. ப்ரீஆம்பில் 220 இருந்தால் 370ஐத் தாண்டிவிடும். கார்ட்ரிட்ஜ் காயிலின் இண்டக்டன்ஸ் 550 மில்லிஹென்ரி. இதுவும் கெபாசிட்டன்ஸும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அலைவெண்ணில் ஒலியைத் தூக்கிவிடும். 200 பிக்கோஃபாரடில் 15,000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும் இந்த மின் ஒத்ததிர்வு, 400இல் 11,000க்கும் கீழே இறங்கி வந்துவிடும். பாடகியின் 'ஸ'வும் 'ஷ'வும் சீறும், ஹை-ஹாட் காதைக் குத்தும். "இந்த ப்ரீஆம்ப் ரொம்ப ப்ரைட்" என்று பழி போடுவார்கள். பாதி நேரம் குற்றவாளி நீளமான கேபிள்தான். ஆகவே கேபிளைச் சுருக்குங்கள், 100 பிக்கோஃபாரட் அல்லது அதற்கும் குறைவாக வைக்க வசதியுள்ள பெட்டியாகப் பாருங்கள். ஆர்டோஃபோன் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜ் வைத்திருந்தால் கொஞ்சம் தாராளம், அது 150 முதல் 300 வரை ஏற்கும்.

மூவிங் காயிலில் இந்தக் கெபாசிட்டன்ஸ் கவலை அநேகமாக இல்லை. அங்கே வேறு தவறு: கார்ட்ரிட்ஜின் உள் மின்தடை 40 ஓம் என்றால் லோடையும் 40 ஓம் வைப்பது. வோல்டேஜ் பாதியாகிவிடும். 100 ஓமில் ஆரம்பித்து மேலே போய்க் காதால் முடிவு செய்யுங்கள்.

புதுப் பெட்டியில் 'உம்' என்ற இரைச்சல் வந்தால் கிரவுண்டு வயர் திருகில் இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள், அப்புறம் பெட்டியை ஆம்ப்ளிஃபையரின் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்திலிருந்து தள்ளி வையுங்கள். த்ரீ-பின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டும் வைத்தியம் நம் ஊரில் இன்னும் நடக்கிறது. செய்யவே செய்யாதீர்கள், உயிருக்கே ஆபத்து.

பழசையும் புதுசையும் ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக்கிக் கேளுங்கள். ஒரு டெசிபெல் கூடுதலாக இருப்பதே "இதுதான் தெளிவு" என்று தோன்ற வைக்கும்.

அப்பா காலத்து 78 ஆர்பிஎம் தட்டுகள் இருந்தால் அதற்கென ஈக்யூ கர்வ் (பேஸ், ட்ரெபிளை ஏற்றி இறக்கும் அளவு) மாற்றும் ப்ரீஆம்பைத் தேடுவார்கள். 1954க்கு முந்தைய பதிவுகளில் கம்பெனிக்குக் கம்பெனி கர்வ் வேறு என்பது உண்மைதான். ஆனால் 78இன் வரிக்கு எல்பி ஊசியைவிட நாலு மடங்கு பருமனான ஊசி வேண்டும். அதில்லாமல் கர்வ் மாற்றிப் பயனில்லை.

கடைசியாக, அமெரிக்காவிலிருந்து யாரிடமாவது வாங்கி வரச் சொல்பவர்களுக்கு. பல ஃபோனோ ப்ரீஆம்புகளின் அடாப்டர் வெறும் டிரான்ஸ்ஃபார்மர். 120 வோல்ட் மட்டும் தாங்குவதை நம் 230 வோல்ட்டில் செருகினால் புகைதான். அடாப்டரில் அச்சடித்திருப்பதைப் படித்துப் பாருங்கள். அவுட்புட்டில் ஏசி என்று போட்டிருந்தால், மாற்று அடாப்டரும் அதே வோல்டேஜில் ஏசி தருவதாக இருக்க வேண்டும். கடையில் சும்மா கிடைக்கும் டிசி அடாப்டர் ஆகாது.