சைட்டோகைன்: கடும் தொற்றில் நாம் தப்பாகப் புரிந்துகொள்பவை

விரலில் முள் குத்தினால் கொஞ்ச நேரத்தில் அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்குகிறது. இது முள்ளின் வேலை இல்லை. அங்கே காவலிருக்கும் வெள்ளை அணுக்கள் டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1 போன்ற சைட்டோகைன்களை, அதாவது அணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லும் புரதங்களை, வெளியே விடுகின்றன. சேதி கிடைத்ததும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் விரிந்து, அவற்றின் சுவரில் இடைவெளி விழுகிறது. அதன் வழியே நீரும் வெள்ளை அணுக்களும் கசிந்து, முள்ளோடு உள்ளே நுழைந்த கிருமியிடம் போய்ச் சேர்கின்றன. விரலோடு நிற்கும்வரை நல்லதுதான். இதே கசிவு உடம்பு முழுக்க நடந்தால் ரத்த அழுத்தம் சரியும், சிறுநீரகமும் நுரையீரலும் தடுமாறும். தொற்றுக்கு உடம்பு காட்டும் எதிர்வினையே உறுப்புகளைக் கெடுக்கும் ஆபத்தான நிலைதான் செப்சிஸ். அதில் நடப்பதில் பெரும்பங்கு இதுதான்.

இதைக் கேட்டதும், சைட்டோகைனை அடக்கினால் நோயாளி பிழைத்துவிடுவார் என்று தோன்றும். 1990-களில் ஆராய்ச்சியாளர்களும் அப்படித்தான் நம்பி, டிஎன்எஃப்-ஐத் தடுக்கும் மருந்துகளைச் செப்சிஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த பலன் வரவில்லை. டிஎன்எஃப் சீக்கிரமே எழுந்து சீக்கிரமே தணிவது. நோயாளி ஐசியு வந்து சேரும்போது அந்த அலை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். அதோடு, அது நமக்குத் தேவையான பொருளும்கூட. முடக்குவாதம் என்ற மூட்டு நோய்க்காக டிஎன்எஃப் தடுப்பு மருந்து எடுப்பவர்களுக்கு, உள்ளே அடங்கிக் கிடந்த காசநோய் கிளம்பிவிடும் அபாயம் உண்டு. அதனால்தான் அந்த மருந்தைத் தொடங்கும் முன்பே காசநோய்ப் பரிசோதனை செய்கிறார்கள்.

சரி, அப்படியானால் அடக்கவே கூடாதா? நேரம் பார்த்து அடக்கலாம். 2020-ல் பிரிட்டனில் கொரோனா நோயாளிகளிடம் நடந்த ரெகவரி ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை, எதிர்ப்பு அணுக்களை அடக்கும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு அதே மருந்தால் பயனில்லை. காய்ச்சல் வந்த முதல் நாளே யாரோ சொன்னார்கள் என்று ஸ்டீராய்டு விழுங்குவது எவ்வளவு தப்பு என்பது இதிலிருந்தே தெரியும். கிருமியோடு போராட வேண்டிய நேரத்தில் நாமே அணுக்களின் வாயைக் கட்டிவிடுகிறோம்.

சைட்டோகைன்கள் கட்டுமீறிப் பொங்குவதை ‘சைட்டோகைன் புயல்’ என்பார்கள். அந்தச் சொல்லும் பாதிக் கதையைத்தான் சொல்கிறது. பொங்கும்போதே இன்டர்லூக்கின்-10 போன்ற அடக்கும் சேதிகளும் கிளம்புகின்றன. சில நோயாளிகளுக்கு அதன்பின் எதிர்ப்பு அணுக்கள் களைத்துப்போய், ஐசியு-விலேயே இரண்டாவது தொற்று பிடித்துக்கொள்கிறது. ‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்’ பொடியும் கஷாயமும் இந்த நிலையைச் சரிசெய்யாது. கூட்டுவதா குறைப்பதா என்பதே நோயாளிக்கு நோயாளி, நாளுக்கு நாள் மாறும்.

கடைசியாக ஒன்று, வீட்டில் அடிக்கடி நடப்பது: காய்ச்சல் இறங்கியதும் நிம்மதியாகிவிடுவது. காய்ச்சல், சைட்டோகைன்கள் மூளைக்கு அனுப்பும் சேதியின் விளைவு. பாராசிட்டமால் அதைத் தணிக்குமே தவிர, கிருமியைத் தொடாது. முதியவர்களுக்குச் செப்சிஸில் காய்ச்சலே வராமலிருக்கலாம், உடம்பு சில்லிட்டும் போகலாம். மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, திடீரென்று ஆள் குழம்பிப் பேசினாலோ, தெர்மாமீட்டர் என்ன காட்டினாலும் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.